இரண்டாவது சுத்தம்

பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி முடிந்து மயக்கம் தெளிந்ததும் கைக்கு வரும் அறிக்கையில் சிலருக்கு இப்படி ஒரு வரி இருக்கும்: குடல் போதிய அளவு சுத்தமாக இல்லை, பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். முந்தின நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, உப்பும் வழவழப்புமான மருந்துத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து, ராத்திரி தூங்காமல் கழிப்பறைக்கு நடையாய் நடந்தவருக்கு அதைப் படிக்கவே வெறுப்பாக இருக்கும். "இன்னொரு தடவை என்னால் ஆகாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலர் திரும்பி வருவதே இல்லை.

அப்படித் திரும்பி வராமல் போவதில்தான் ஆபத்து இருக்கிறது. முதல் முறை ஏன் தோற்றது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ப மருந்தையும் நேரத்தையும் உணவையும் மாற்றினால், இரண்டாம் முறை பெரும்பாலானவர்களுக்குக் குடல் நன்றாகவே சுத்தமாகிறது. அதே மருந்தை அதே அளவில் அதே நேரத்தில் மறுபடி குடிக்கச் சொல்வதுதான் வீண் வேலை. இது நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கங்களின் கூட்டுக்குழு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கொலனோஸ்கோபிகளில் 20 முதல் 25 விழுக்காடு வரை குடல் சரியாகச் சுத்தமாகாதவை என்று பதிவாகின்றன. நாலைந்து பேரில் ஒருவருக்கு நடப்பதைத் தனி மனிதரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது.

எதைத் தேடுகிறார்கள்?

பெருங்குடலின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அதன் உள்சுவரில் பாலிப் என்னும் சிறு வளர்ச்சிகள் உண்டாகலாம். அவற்றில் அடினோமா என்ற வகையில் சில, பத்தாண்டு அளவில் மெல்ல வளர்ந்து புற்றுநோயாக மாறுகின்றன. நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரண்டு மருத்துவர்கள் 1969-இல், வளையும் கண்ணாடி இழைக் குழாயைப் பெருங்குடலின் மறுகோடிவரை செலுத்திப் பார்க்கும் முறைக்கு வழி திறந்தார்கள். வயிற்றைத் திறக்காமலே, குழாய் வழியாக ஒரு கம்பிச் சுருக்கைப் போட்டு பாலிப்பை அறுத்தெடுக்கும் வித்தையையும் ஷின்யா உருவாக்கினார். அன்றிலிருந்து கொலனோஸ்கோபி நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக மட்டும் இல்லாமல், நோய் வராமல் தடுக்கும் கருவியாகவும் ஆனது. 1993-இல் வெளிவந்த அமெரிக்கத் தேசிய பாலிப் ஆய்வு இதை எண்களால் காட்டியது. பாலிப்புகளை அகற்றிக்கொண்டவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய், எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட 76 முதல் 90 விழுக்காடு வரை குறைவாக வந்தது.

ஆனால் அகற்ற வேண்டுமானால் முதலில் கண்ணில் பட வேண்டும். காம்பு வைத்துக் காளான் போல நீட்டிக்கொண்டிருக்கும் பாலிப்பைப் பார்ப்பது சுலபம். குடலின் வலது பக்கத்தில் வரும் தட்டையான ரம்பப்பல் பாலிப்புகள் வேறு மாதிரி. சுவரின் நிறத்திலேயே, சுவரோடு ஒட்டிப் படிந்திருக்கும். மேலே மஞ்சள் சளி ஒரு மெல்லிய மூடி போலப் படர்ந்திருக்கும். அனுபவமுள்ள மருத்துவர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் தெரியுமா? ஆரோக்கியமான குடல் சுவரில் மெல்லிய ரத்தக் குழாய்கள் கொடிகொடியாக ஓடுவது தெரியும். ஓரிடத்தில் அந்தக் கொடி சட்டென்று மறைந்தால், அங்கே தண்ணீரைப் பீய்ச்சிச் சளியைக் கழுவிப் பார்க்கிறார். அடியில் பாலிப்பின் விளிம்பு தெரிகிறது. அவ்வளவு நுட்பமான தடயம் அது. சுவர்மேல் மெல்லிய பித்தக்கறை படிந்திருந்தால்கூடத் தடயம் போய்விடும்.

குடல் சுத்தமாக இருந்தாலும் எல்லாம் கண்ணில் படுவதில்லை. ஒரே நாளில் ஒருவருக்கே அடுத்தடுத்து இரண்டு முறை கொலனோஸ்கோபி செய்து பார்த்த 1997-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, முதல் முறையில் 24 விழுக்காடு அடினோமாக்கள் தப்பிவிட்டன என்று காட்டியது. தப்பியவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தவற்றில் 6 விழுக்காடுதான் தப்பின.

சுத்தமில்லாத குடலில் கதையே வேறு. நியூயார்க்கில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு 12,787 கொலனோஸ்கோபிகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் 24 விழுக்காட்டில் குடல் சரியாகச் சுத்தமாகவில்லை. அந்த நோயாளிகளில் மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி பரிசோதனைக்கு வந்தவர்கள் 17 விழுக்காடு மட்டுமே. இரண்டாம் முறை குடல் நன்றாகச் சுத்தமாகியிருந்த 216 பரிசோதனைகளைப் பார்த்தபோது, மொத்தம் கண்ட 198 அடினோமாக்களில் 83 இரண்டாம் முறைதான் தெரிந்தன. அதாவது 42 விழுக்காடு முதல் முறை கண்ணிலேயே படவில்லை. ஆபத்து கூடிய முற்றிய அடினோமாக்களிலும் 27 விழுக்காடு அப்படித் தப்பியிருந்தன. "ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று நிம்மதியாக இருப்பவர் இந்த எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கலங்கிய குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு மீன் இல்லை என்று சொல்வதற்கு மதிப்பில்லை.

பட்டினி இருந்தும் அழுக்கு எப்படி?

"நேற்று முழுக்க ஒன்றுமே சாப்பிடவில்லையே, அப்புறம் எப்படி?" இது நியாயமான கேள்வி. பதில் உடலின் தண்ணீர்க் கணக்கில் இருக்கிறது. நாம் குடிப்பதும், எச்சில், இரைப்பைநீர், பித்தம், கணையநீர் ஆகியவையும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் திரவம் குடலுக்குள் இறங்குகிறது. சிறுகுடல் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு, மிச்சம் ஒன்றரை லிட்டர் அளவைப் பெருங்குடலுக்குத் தள்ளுகிறது. பெருங்குடல் அதையும் உறிஞ்சி, கடைசியில் மலத்தோடு வெளியேறும் தண்ணீர் ஒரு டம்ளர்கூட இருக்காது.

சாப்பிடாவிட்டாலும் பித்தமும் குடல்நீரும் சுரப்பது நிற்பதில்லை. சிறுகுடல் வந்து சேரும் இடம் வயிற்றின் வலது கீழ்ப்பக்கம். அங்கேதான் பெருங்குடல் தொடங்குகிறது. முந்தின நாள் சாயங்காலமே மருந்தை முழுவதும் குடித்து முடித்துவிட்டவருக்கு, இரவு பத்து மணிக்குக் குடல் கண்ணாடி போல இருக்கலாம். ஆனால் விடியும்வரை பித்தம் கலந்த பசைபோன்ற நீர் துளித்துளியாக வலது பக்கத்தில் இறங்கிப் படிகிறது. காலை பதினொரு மணிக்குக் குழாய் உள்ளே போகும்போது சுவரில் மஞ்சள் பூச்சு பூசியிருக்கிறது. தட்டையான பாலிப்புகள் அதிகம் ஒளிந்திருப்பதும் அதே வலது பக்கத்தில்தான்.

மருந்தை இரண்டு பாகமாகப் பிரித்துக் குடிக்கும் முறை இதற்காகவே வந்தது. முதல் பாதி முந்தின நாள் மாலை. இரண்டாம் பாதி பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பு தொடங்கி, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு முடிந்துவிட வேண்டும். காலை எட்டு மணிக்குப் பரிசோதனை என்றால் அதிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டும். வீடே தூங்கும் நேரத்தில் சமையலறை விளக்கைப் போட்டு, குளிர்ந்த மருந்துத் தண்ணீரைக் கால் லிட்டர் டம்ளரில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளராகக் குடிப்பது சுகமான வேலை இல்லை. இருந்தாலும் முதல் முறை எல்லாவற்றையும் முந்தின நாளே குடித்துவிட்டுத் தோற்றவருக்கு, இந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும்.

உறிஞ்சப்படாத தண்ணீர்

குடலைக் கழுவும் மருந்து இன்றைய வடிவத்துக்கு வந்த வழி எளிதானது இல்லை. 1970-களில் மூக்கு வழியே குழாய் செருகி, உப்புத் தண்ணீரை லிட்டர் லிட்டராக இறக்கிக் குடலைக் கழுவிப் பார்த்தார்கள். குடல் சுத்தமானது. ஆனால் கணிசமான உப்பும் தண்ணீரும் ரத்தத்தில் ஏறிவிட்டன. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு அது ஆபத்து. மானிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைக் குடல் பாக்டீரியாக்கள் தின்று ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கின. பாலிப்பை மின்சாரத்தால் சுட்டு அறுக்கும்போது ஒரு பொறி போதும். பிரான்சில் அப்படி ஒரு நோயாளியின் பெருங்குடல் வெடித்து அவர் இறந்துபோன நிகழ்வு 1979-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

அடுத்த ஆண்டு, டல்லஸ் நகரத்தில் ஜான் ஃபோர்ட்ரானின் ஆய்வுக் குழு விடையைக் கொண்டுவந்தது. கேள்வியை அவர்கள் தலைகீழாகப் போட்டார்கள்: உடல் உறிஞ்சாமலும், உடலிலிருந்து எதையும் இழுக்காமலும், உள்ளே போன அளவிலேயே வெளியே வரும் தண்ணீரை உண்டாக்க முடியுமா? குடலில் சோடியம் பெரும்பாலும் குளோரைடோடு சேர்ந்துதான் ரத்தத்துக்குள் நுழைகிறது. குளோரைடின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு சல்பேட்டைச் சேர்த்தார்கள். சல்பேட் குடல் சுவரை எளிதில் தாண்டாது, அதனால் சோடியமும் பின்தங்கிவிடுகிறது. கரைசலின் அடர்த்தியை ரத்தத்தோடு சமப்படுத்த பாலிஎதிலீன் கிளைக்கால் (சுருக்கமாக பெக்) என்ற பெரிய மூலக்கூறைச் சேர்த்தார்கள். அது உறிஞ்சப்படுவதும் இல்லை, பாக்டீரியாக்களால் வாயுவாக மாறுவதும் இல்லை. 4 லிட்டர் தண்ணீருக்கு 236 கிராம் என்ற அளவில் இந்தக் கலவைக்கு 1984-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் பெக் பொடிகள் இந்த வழியில் வந்தவையே.

குடிக்கும் அளவு ஏன் இவ்வளவு என்பதும் இதிலிருந்து புரியும். இந்த மருந்து குடலைத் தூண்டிவிட்டு வேலை வாங்குவதில்லை. தண்ணீரின் கொள்ளளவே குடலைக் கழுவுகிறது. முக்கால் பங்கு குடித்ததும் வெளியே வருவது தெளிவாகிவிட்டதே என்று மிச்சத்தைக் கொட்டிவிடுகிறவர், வலது பக்கத்தைக் கழுவ வேண்டிய தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்.

எங்கே தவறியது?

இரண்டாம் முறைக்கு நாள் குறிப்பதற்கு முன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, குழாய் பெருங்குடலின் தொடக்கம்வரை போனதா? குடல் வளைந்து சுருண்டிருந்ததாலோ, பழைய அறுவைச் சிகிச்சையின் ஒட்டுதலாலோ, குறுகலாலோ போக முடியாமல் இருந்தால், குற்றம் சுத்தத்தில் இல்லை. அதற்கு வேறு வகைக் குழாயோ, அனுபவம் கூடிய கையோ, சி.டி. கொலனோகிராபி என்னும் ஸ்கேனோ தேவைப்படும்.

இரண்டாவது, மதிப்பெண் என்ன? 2009-இல் வந்த பாஸ்டன் அளவுகோல் பெருங்குடலை வலது, நடு, இடது என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை கொடுக்கிறது. கெட்டி மலம் அடைத்துச் சுவரே தெரியாவிட்டால் 0. சில பகுதி தெரிந்து சில பகுதி மறைந்தால் 1. சிறு துணுக்குகள் இருந்தாலும் சுவர் நன்றாகத் தெரிந்தால் 2. முழுக்கத் தெளிவாக இருந்தால் 3. குழாயை வெளியே இழுத்துவரும்போது, கழுவி உறிஞ்சக்கூடியதையெல்லாம் உறிஞ்சிய பிறகுதான் இந்த மதிப்பெண். ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 2 எடுக்க வேண்டும். மொத்தம் 6 வந்தும் வலது பக்கத்துக்கு 0 அல்லது 1 இருந்தால் அது தேர்ச்சி ஆகாது. வலது மட்டும் தோற்றிருந்தால் நேரம்தான் பிரச்சினையாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். மூன்றும் தோற்றிருந்தால் மலச்சிக்கலையோ, மருந்து குறைந்த அளவில் உள்ளே போனதையோ தேட வேண்டும்.

மூன்றாவது கேள்வி நோயாளி தனக்கே கேட்டுக்கொள்வது. நாள்பட்ட மலச்சிக்கல் உண்டா? சர்க்கரை நோய், பார்கின்சன், பக்கவாதம் இவற்றில் ஏதாவது இருக்கிறதா? வலிக்கு ஓபியாய்டு வகை மாத்திரையோ, மனச்சோர்வுக்கு ட்ரைசைக்ளிக் வகை மாத்திரையோ சாப்பிடுகிறேனா? இவை எல்லாம் குடலின் அசைவைக் குறைப்பவை. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேனா? அது மலத்தைக் கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் ஆக்கிச் சுவரில் ஒட்டவைக்கும். அதனால்தான் பல நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்கிறார்கள். மருந்து வாந்தியாக வந்துவிட்டதா? வந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பதில்களில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரண்டாம் முறைக்கான திட்டம் இவற்றிலிருந்துதான் பிறக்கிறது.

மாற்றிச் செய்வது எப்படி?

மறுமுறைக்கென்றே திட்டமிட்டுச் சோதித்த ஆய்வுகள் உண்டு. ஸ்பெயினில் முதல் முறை தோற்றவர்களுக்கு மூன்று நாள் நார்ச்சத்துக் குறைந்த உணவு, கடைசி நாள் திரவ உணவு, முந்தின மாலை பிசகோடில் என்னும் மலமிளக்கி மாத்திரை, அதன்பின் இரண்டு பாகமாகப் பிரித்த பெக் கரைசல் என்று கொடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்குக் குடல் போதிய அளவு சுத்தமானது. அதே நாட்டில் 2017-இல் வெளியான இன்னோர் ஆய்வில், முன்பு தோற்றவர்களையே இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 4 லிட்டர் பெக், மற்றதற்கு வைட்டமின் சி கலந்த 2 லிட்டர் பெக் கொடுத்தார்கள். 4 லிட்டர் குடித்தவர்களில் 81 விழுக்காட்டினருக்கும், 2 லிட்டர் குடித்தவர்களில் 67 விழுக்காட்டினருக்கும் சுத்தமானது. முதல் முறை வருபவருக்கு 2 லிட்டர் போதுமாக இருக்கலாம். ஒருமுறை தோற்றவருக்குக் கூடுதல் தண்ணீர் பலன் தருகிறது.

எவ்வளவு சீக்கிரம் என்பதும் முக்கியம். வழிகாட்டுதல்கள் ஓராண்டுக்குள் செய்யச் சொல்கின்றன. ரத்தப்போக்கு, எடை குறைவு போன்ற அறிகுறி இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், தோற்ற மறுநாளே திரும்பி வந்தவர்களுக்கு இரண்டாம் தோல்வி கணிசமாகக் குறைவாக இருந்தது. காரணம் எளிது. முதல் நாள் பட்ட பாடு வீணாகவில்லை, குடல் பாதி சுத்தமாகவே இருக்கிறது. அதன்மேல் இன்னும் கொஞ்சம் மருந்து சேர்ந்தால் போதும். அதனால் மருத்துவமனையில் இடமிருந்து, உடல் தாங்குமானால், வீட்டுக்குப் போய் மறுபடி சாப்பிடத் தொடங்குவதற்கு முன், "இன்றோ நாளையோ முடித்துவிட முடியுமா?" என்று கேட்பது நல்லது.

நம் வீட்டுச் சமையலில் நார்ச்சத்துக் குறைந்த உணவு தேடுவது கஷ்டமில்லை. இட்லி, இடியாப்பம், குழைந்த பச்சரிசிச் சாதம், தாளிக்காத தயிர்ச் சாதம், முட்டை, மீன் எல்லாம் ஆகும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, நிலக்கடலை, சுண்டல், விதையுள்ள கத்தரிக்காய், தக்காளி, வெண்டைக்காய் இவற்றைத் தள்ளி வைக்க வேண்டும். தாளித்த கடுகும் எள்ளும்கூடக் குழாயின் உறிஞ்சு துளையில் போய் அடைக்கும். கடைசி நாளில் இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, ரசத்தின் தெளிவு, பால் சேர்க்காத டீ குடிக்கலாம். சிவப்பு நிறப் பானங்கள் வேண்டாம், குடலுக்குள் ரத்தம் போலத் தோன்றும்.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்களும் உண்டு. சிறுநீரகம், இதயம், கல்லீரல் நோயுள்ளவர்களும் முதியவர்களும் எந்த மருந்து என்பதை மருத்துவர் சொன்னபடியே செய்ய வேண்டும். அளவில் சிறியது என்று பலர் விரும்பிய சோடியம் பாஸ்பேட் மருந்து சிலரின் சிறுநீரகத்தைச் சேதப்படுத்தியதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் அதற்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பட்டினி நாளில் அளவை மாற்ற வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தானாக எதையும் நிறுத்தக் கூடாது. வயிறு உப்பிக் கடுமையாக வலித்து, மலமும் காற்றும் போகாமல் வாந்தி வந்தால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடல் அடைத்திருக்கலாம்.

யார் பொறுப்பு?

குடல் சுத்தமாகாததற்கு நோயாளியைக் கடிந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் அமெரிக்கக் கூட்டுக்குழு 2025-இல் புதுப்பித்த வழிகாட்டுதல், ஒரு மையத்தில் நடக்கும் பரிசோதனைகளில் குறைந்தது 90 விழுக்காட்டில் குடல் போதிய சுத்தமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை தன் முறைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். தாய்மொழியில் தெளிவாக எழுதிய குறிப்பு, முந்தின நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, மலச்சிக்கல் உண்டா என்று முன்கூட்டியே ஒரு கேள்வி, குழாயைச் செலுத்துவதற்கு முன் "கடைசியாகப் போனது என்ன நிறம்?" என்று ஒரு விசாரணை. கலங்கிய பழுப்பு நிறம் என்றால், மயக்க மருந்து கொடுக்கும் முன்பே கூடுதல் மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம். இவை எதற்கும் புதிய இயந்திரம் வேண்டாம்.

முதல் முறை தோற்றவருக்குப் பரிசோதனை இன்னும் முடியவில்லை. அவர் எதற்காக முதலில் வந்தாரோ, அந்தக் காரணம் அப்படியே இருக்கிறது. அவரைத் திட்டி அனுப்பினால் அவர் வரமாட்டார். ஏன் தோற்றது என்று உட்கார்ந்து பேசி, மாற்றிய திட்டத்தை எழுதிக் கொடுத்து, தேதியையும் குறித்துக் கொடுத்தால் வருவார். நோயாளியின் பக்கமிருந்தும் ஒரு வேலை உண்டு: மறு தேதி கையில் இல்லாமல் மருத்துவமனையை விட்டு வெளியே வராதீர்கள்.